போதும் என்று சொன்ன பரோட்டா மாஸ்டர்

பரோட்டாவை விற்கவிடாமல் தடுத்தே சம்பளம் வாங்கிய பரோட்டா மாஸ்டர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் ஜப்பான் அண்ணன். சமயநல்லூரிலிருந்து மாட்டுத்தாவணியில் இருக்கும் கடைக்கு டவுன் பஸ்ஸில் வந்துபோனதுதான் அவருடைய அதிகபட்சப் பயணம். அப்புறம் எப்படி ஜப்பான்?

எல்லாம் செல்போன் செய்த வேலை. வயதானவர்களை நோய் அண்டாமல் எந்த நாடு நன்றாகப் பார்த்துக்கொள்கிறது என்று அளந்து மார்க் போடுகிறார்கள் என ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டார். அதில் ஜப்பானுக்கு நல்ல மார்க்காம். அன்றிலிருந்து வாயைத் திறந்தாலே, "ஜப்பான்லயெல்லாம்..." என்றுதான் ஆரம்பிப்பார்.

"சீக்கு வந்தப்பறம் ஆஸ்பத்திரி கட்டுறது பெருசில்லண்ணே. வராமப் பாத்துக்கிறானா, அதுக்குத்தேன் மார்க்கு. நமக்கு அம்புட்டு மார்க்கும் இந்தக் கல்லுலதேன் போகுது!" என்று பரோட்டாக் கல்லை டங்கென்று தட்டுவார்.

பெரியவர்கள் நடக்க பிளாட்பாரம் இல்லாவிட்டாலும் மார்க் குறையுமாம். கடை வாசலில் நிறுத்திய பைக்குகளை எல்லாம் எதிர்ச்சாரிக்குத் தள்ளிவிட்டார். சாப்பிட்டு வந்தவர்கள் பைக் திருட்டுப் போனதென்று போலீசுக்கே போன் போட்டார்கள்.

இதைக்கூடப் பொறுக்கலாம். ஐம்பது தாண்டியவர்களுக்கு இரண்டு பரோட்டாதான் என்று சட்டம் போட்டார். நானோ மூன்று வருஷமாக நாற்பத்தொன்பதிலேயே நின்றுகொண்டிருந்தேன். "வயசு சரி, தலை வேற மாதிரி சொல்லுதேண்ணே" என்று என் வழுக்கையைப் பார்ப்பார். அப்புறம் முகத்துக்கு நேராக, "போதும்ணே!"

நம் ஊரில் போதும் என்பது சாப்பிடுகிறவர் சொல்ல வேண்டிய சொல். பரிமாறுகிறவர் சொன்னால் சம்பந்தமே முறிந்துபோகும். கூட்டம் குறைந்தது. முதலாளி கடைசியாகச் சொல்லிவிட்டார்: "இன்னொருத்தர்ட்ட போதும்னு சொன்னீகன்னா, வேற கடை பாத்துக்கிருங்க மாஸ்டர்." மாஸ்டர் இரண்டு பெண்களைப் படிக்கவைக்கும் மனிதர். தலையாட்டினார்.

மறு வாரமே எழுமலையிலிருந்து முதலாளியின் மாமனார் வந்திறங்கினார். கடைக்கு முதல் போட்டவர். நல்ல உடம்பு. படியேறவே மூச்சு வாங்கியது. இரண்டு பரோட்டா உள்ளே போயிற்று. மூன்றாவதுக்கு இலையை நகர்த்தினார்.

கடையே மாஸ்டரைப் பார்த்தது. நான் கண்ணைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"போதும்ங்கய்யா. மூச்சு இந்த வாங்கு வாங்குது. மொதல்ல டாக்டரைப் பாருங்க."

"மருமகன் கடையில எனக்கே போதுமா!" என்று மாமனார் எழுந்தார்.

"மன்னிப்புக் கேட்டுட்டு மூணாவதை வைங்க மாஸ்டர்!" என்று முதலாளி கத்தினார்.

ஜப்பான் அண்ணன் அந்த மூன்றாவது பரோட்டாவைக் கையில் எடுத்தார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவர் அதைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு நாப்பத்தெட்டுதேன்" என்றபடி தோளில் துண்டைப் போட்டார். "வாரேண்ணே" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போனார்.

இப்போது புது மாஸ்டர். வயது கேட்பதில்லை. நேற்று நான் கேட்காமலே மூன்றாவதை வைத்தார், நாலாவதையும் வைத்தார், சால்னாவை இலை நிறைய ஊற்றினார். சாப்பிட முடியவில்லை. என் உடம்பைப் பற்றிக் கவலைப்பட அந்தக் கடையில் ஒரு ஆள் இல்லையே என்று இருந்தது.