காரம் போதவில்லை

மூன்றாவது நாளாகவும் சாஸில் காரம் ஏறவில்லை.

அவள் கரண்டியை இன்னொரு தடவை நக்கிப் பார்த்தாள். ஈரச் சாக்பீஸைச் சப்புவது போலிருந்தது. எதிரே கலவைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதிவுத் தாளில் 'காரம் போதவில்லை, மிளகாய் சேர்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"இன்னுமா மேடம்?"

"இன்னும்தான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு போனார். அந்தத் தொழிற்சாலையில் அவளுடைய நாக்குக்கு மேல் அப்பீல் கிடையாது. பதினோரு வருடமாக அவள்தான் ருசி அதிகாரி. மற்ற கம்பெனிகளில் ருசி பார்த்துவிட்டுத் துப்புவார்கள், அவள் விழுங்குவாள். காரத்தில் பாதி நாக்கில் தெரியும், மீதி தொண்டையில்தான் தெரியும் என்பது அவள் கட்சி.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் வயிற்றில் புண் என்று தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பிடும் முறையையும் நிதானமாகச் சொன்னார். அவர் சொன்ன நேரமெல்லாம், அல்சர்க்காரியை எந்தக் கம்பெனி சாஸ் ருசி பார்க்க வைத்துக்கொள்ளும் என்ற ஒரே யோசனைதான் அவளுக்கு. அதனால் 'தினம் ஒன்று' மட்டும் மண்டையில் தங்கியது.

அந்த ஒன்றையும் நினைவு வந்தபோது போட்டாள். வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டு, திருட்டுத்தனமாக. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு. எரிச்சல் அடங்கவில்லை. மாடி வீட்டில் இருந்த அக்காவிடம் போய் நின்றாள். அக்கா, கணவர் குடித்து மீந்த வெள்ளை மருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"குடிடி. உன் மாமா இதைக் குடிச்சுத்தான் நடமாடிக்கிட்டு இருக்கார்."

"எவ்வளவு குடிக்கணும்?"

"எரியறப்போ குடி. அளவென்ன அளவு."

எரிந்துகொண்டே இருந்தது, குடித்துக்கொண்டே இருந்தாள். ருசி பார்க்கப் போகுமுன் காப்புக்கு இரண்டு மூடி. மருந்து நாக்கில் அப்பிக்கொண்டதில் காரம் தெரியவில்லை. தெரியாததால் மிளகாய் சேர்க்கச் சொன்னாள். மறுநாள் சாஸை விழுங்கியதும் இன்னும் எரிந்தது; இன்னும் இரண்டு மூடி. இதில் தலைவலி வேறு. அதற்கொரு வலி மாத்திரை போட்டாள். அன்று முழுக்க வயிற்றுக்குள் யாரோ உட்கார்ந்து அடுப்பு ஊதினார்கள். நாக்கு ஒன்றுமில்லை என்றது, வயிறு நெருப்பு என்றது. தன் உடம்பில் தனக்குச் சம்பளம் வாங்கித் தரும் உறுப்பைத்தான் அவள் நம்பினாள்.

ஐந்தாவது நாள், வெள்ளிக்கிழமை, ஐந்தாவது தாளிலும் கையெழுத்திட்டுவிட்டு முகம் கழுவப் போனவள், கண்ணாடியில் தற்செயலாக நாக்கைப் பார்த்தாள். வெள்ளையடித்து வைத்திருந்தது. டிரம்மில் ஐந்து மடங்கு மிளகாய். திங்கட்கிழமை லாரி வந்துவிடும். முகம் தெரியாத குழந்தைகள் வரிசையாக நாக்கை நீட்டிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவது கண்ணில் தெரிந்தது.

நேரே டாக்டரிடம் ஓடினாள். மலம் கறுப்பாகப் போகிறதா, வாந்தியில் ரத்தம் வந்ததா என்று அவர் முதலில் கேட்டார். இல்லை என்றதும்தான் மூச்சு விட்டார். பிறகு முழுக் கதையையும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி முழுங்கணும்மா. மறந்துட்டா மறுநாள் ரெண்டா போடக் கூடாது. வலி மாத்திரை உங்க புண்ணுக்கு எமன், என்னைக் கேக்காம தொடாதீங்க. அக்கா பாட்டிலை அக்காகிட்டயே குடுத்துடுங்க."

எட்டு வாரம் முடிந்ததும் வந்து காட்டாமல் மாத்திரையை நிறுத்தவும் கூடாது, தானாக நீட்டிக்கவும் கூடாது என்றார். கடைசியாக, சாஸை விழுங்காமல் துப்பச் சொன்னார்.

"துப்பணுமா?" புண் என்று சொன்ன அன்றைக்குக்கூட அவள் முகம் இப்படிச் சுண்டவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை போட்டாள். திங்கட்கிழமை நாக்கு ரோஜா நிறத்தில் இருந்தது. விடிந்ததும் ஆலைக்குப் போய், டிரம்மின் முன் நின்று, ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினாள்.

காரம் கச்சிதமாக இருந்தது.

அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மடங்கு மிளகாய் போட்டும் கச்சிதம் என்றால் ஒரே அர்த்தம்தான். நாக்கு செத்துவிட்டது. இத்தனை நாள் வயிற்றை ஒளித்து ஒளித்து நாக்கைக் காப்பாற்றப் பார்த்தாளே, கடைசியில் போனது அதுதான். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது சிரிப்பு. ஒளிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

மேனேஜர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அல்சர், மாத்திரை, அக்கா பாட்டில், ஐந்து தாள்கள், ஒன்றையும் விடவில்லை.

"லாரியை நிறுத்துங்க சார். என் நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

மேனேஜர் கலவைக்காரரைக் கூப்பிட்டு, மொத்தம் எத்தனை கிலோ மிளகாய் போட்டாய் என்று கேட்டார்.

கலவைக்காரர் அவளைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"போட்டாத்தானே சார்? மொத நாளே எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டிடுச்சு. அஞ்சு நாளும் அதே டிரம்லேர்ந்துதான் மேடத்துக்கு மொண்டு குடுத்தேன்."