கறுப்புச் சதுரப் பீங்கான்

கல்முனையை ஏங்க வைப்பது என்று முடிவு செய்தேன். கல்முனையை மட்டுமல்ல, கரையோரம் முழுவதையும். பெரியநீலாவணை தொடங்கிப் பாலமுனை வரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் கைப்பேசியைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். இப்படி ஒரு பீங்கானில் நாமும் சாப்பிடக் கூடாதா என்று அவள் தன் கணவனைக் கேட்க வேண்டும். அவன் நேரே என் கடைக்கு வர வேண்டும்.

இந்த முடிவை என் மனைவி நஸ்லினிடம் அறிவித்தேன்.

"முதல்ல நான் விடுற பெருமூச்ச நிப்பாட்ட வழி பாருங்க," என்றாள். "ஹோலுக்குள்ள ஒரு எட்டு வெக்க ஏலாமக் கெடக்கு."

அவள் சொன்னது பெட்டிகளை. அவற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அபுல் ஹஸன். கல்முனை பஸாரில் இருக்கும் 'ஹஸன் பீங்கான் மாளிகை' என்னுடையது. பீங்கான், கோப்பை, கிளாஸ், பூச்சாடி எல்லாம் உண்டு. மருதமுனையில் நான் குடியிருக்கும் வீடு என்னுடையதல்ல. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை சட்டையோடு வந்து சேருவார். சுவரில் சட்டை கொழுவும் ஆணி எனக்குச் சொந்தம். ஆணி அடித்த சுவர் நஸ்லினுக்குச் சொந்தம்.

அந்தச் சுவரை மறைத்து, ஜன்னலையும் பாதி மறைத்து, நான் பெட்டிகளை அடுக்கியிருந்தேன். உள்ளே இருந்தவை கறுப்பு நிறத்தில் சதுரமான சாப்பாட்டுப் பீங்கான்கள். கொழும்பு மொத்தக் கடையில் கண்டதும் மனதைப் பறிகொடுத்தேன். பெரிய ஹோட்டல்களில் இப்போது இதுதான் நாகரிகம் என்றார்கள். ஒரு லொறி நிறைய ஏற்றிக்கொண்டு வந்தேன். ஊரில் ஒருவரும் வாங்கவில்லை.

காரணத்தை என் மச்சான் சரீப் விளக்கினார். அவர் நஸ்லினின் தம்பி.

"மச்சான், இதில சோத்தப் போட்டுப் பிசைஞ்சா கறி ஆணம் மூலைக்கு ஓடுது. மூலைக்குள்ள விரல் போகுதில்ல. நாக்குத்தான் போகும். சபையில நாக்கப் போட ஏலுமா?"

அன்று முதல் எங்கள் வீட்டில் அந்தப் பீங்கான் கதை ஓயவில்லை. தேநீரில் சீனி கூடிவிட்டது என்று நான் சொன்னால், "சதுரப் பீங்கான் வாங்கின ஆளுக்கு எது கூட, எது குறைய எண்டு விளங்குமா?" என்று நஸ்லினிடமிருந்து பதில் வரும். மீன் வாங்கி வந்தால், "இதுவும் சதுரமா?" என்று பையைப் பிரித்துப் பார்ப்பாள். ஒரு மனிதனுக்குத் தன் சட்டை ஆணிக்குக் கீழே கொஞ்சம் அமைதி வேண்டாமா?

அந்தச் சமயத்தில்தான் வர்த்தகர்களுக்கான ஒரு பயிலரங்குக்குப் போனேன். பஸால் என்ற இளைஞர் கொழும்பிலிருந்து வந்து, பெரிய கம்பனிகள் இன்ஸ்டாகிராமில் படம் போட்டு எப்படி வியாபாரம் செய்கின்றன என்று விளக்கினார். நான் விளங்கிக்கொண்டதை அப்படியே தருகிறேன். சப்பாத்துக் கம்பனி வெறும் சப்பாத்தைப் படம் பிடித்துப் போடுவதில்லை. மலை உச்சியில் ஒருவர் நிற்கிற படத்தைப் போடுகிறது. அவர் காலில் சப்பாத்து இருக்கிறது. பார்ப்பவருக்கு மலைக்குப் போக ஆசை வருகிறது. மலை தூரம். சப்பாத்துக் கடை கிட்ட. ஆகவே சப்பாத்தை வாங்குகிறார்.

எவ்வளவு பெரிய உண்மை. வீட்டுக்கு வந்து நஸ்லினிடம் சொன்னேன்.

"இஞ்சப் பாரு புள்ள. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் ஒரு பெட்டி மிச்சமில்லாம அனுப்பிக் காட்டுறன். காட்டினா என்ன செய்வ?"

"காட்டினா, இந்தப் பீங்கானப் பத்தி என்ட வாயால ஒரு சொல்லு வராது. மவுத்தாகும் வரைக்கும்."

"வாக்கா?"

"வாக்கு. காட்டாட்டி, எல்லாப் பெட்டியையும் ஒங்கட கடைக்குள்ள ஏத்துங்க. நீங்க அதுக்கு மேல ஏறி இருந்து யாவாரம் செய்யுங்க."

ஒத்துக்கொண்டேன். என் அமைதி அந்த வாக்கில் தொங்கியது.

முதல் படத்தை மேசையில் வைத்து எடுத்தேன். பூச்சாடி, கத்தி, முள்ளுக்கரண்டி, நடுவில் ஒரு பீங்கான். அதில் ஒரேயொரு ஈச்சம்பழம். 'வாழ்வுக்கு ஒரு புதிய வடிவம்' என்று எழுதிப் போட்டேன். மூன்று பேர் விரும்பினார்கள். ஒருவர் சரீப். மற்ற இருவரில் ஒருவர் கடைக் கணக்கிலிருந்து நான். இன்னொருவர் சொந்தக் கணக்கிலிருந்து நான்.

மாலையில் ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார். 'வடிவான டைல்ஸ். சதுர அடி என்ன விலை? குளியலறைக்குப் போட்டால் வழுக்குமா?'

வழுக்காது என்று நஸ்லின் பதில் எழுதச் சொன்னாள். நான் எழுதவில்லை.

அடுத்த படம் நோன்பு மாதத்தில். வெறும் பீங்கானைப் பார்த்து யாருக்கு ஏக்கம் வரும் என்று யோசித்தேன். சமோசா, கட்லட், ஐஸ் மிதக்கும் பலூடா எல்லாம் அடுக்கி எடுத்தேன். இந்தத் தடவை கரையோரம் உண்மையாகவே ஏங்கியது. ஆனால் நான் படத்தைப் போட்டது அஸர் தொழுகை முடிந்த கையோடு. நோன்பு திறக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. 'காக்கா, அல்லாஹ்வுக்காகப் படத்த அழிங்க. நாக்கு வறண்டு கெடக்கு' என்று என்னை அண்ணன் முறை வைத்து ஒருவர் எழுதினார். 'இவரை ஏசவும் ஏலாது, நோன்பு முறிஞ்சிரும்' என்று இன்னொருவர் எழுதினார். மஃரிபுக்கு முன் படத்தை நீக்கிவிட்டேன்.

நோன்புப் பெருநாளும் போனது. பெட்டிகள் போகவில்லை.

"ஒங்கட படத்துல சோறும் இல்ல, மனிசரும் இல்ல," என்றாள் நஸ்லின். "நம்மட ஆக்கள் கதிரையில தனிய இருந்து ஒரு ஈச்சம்பழம் தின்ன ஏங்குவாங்களா?"

"அப்ப நீ செஞ்சு காட்டு."

"செஞ்சா படத்துக்குக் கீழ என்ட பேரையும் போடுவீங்களா?"

நான் பொறுமையாக விளக்கினேன். "பிராண்டுக்கு ஒரு பேர்தான் புள்ள. ரெண்டு பேர் போட்டா ஆக்கள் குழம்பிருவாங்க."

"ஓம். குழம்பக் கூடாதுதான்," என்றாள். அவள் அவ்வளவு இலேசாக ஒத்துக்கொண்டது எனக்குப் பெருமையாக இருந்தது. என் விளக்கும் திறமை அப்படி.

நஸ்லின் மேசைப் பக்கமே போகவில்லை. நிலத்தில் அமர்ந்து சாப்பிட நாங்கள் விரிக்கும் துணிக்குச் சுப்ரா என்று பெயர். வீட்டில் இருந்த சுப்ரா பழசு. அவள் அலுமாரியைத் திறந்து, நான் பெருநாளைக்கு வாங்கி இன்னும் இரு முனையையும் சேர்த்து மூட்டாமல் வைத்திருந்த சாரனை எடுத்தாள். மருதமுனைத் தறியில் நெய்தது. மயில் நீலத்தில் மெரூன் கட்டம். அதை நிலத்தில் விரித்தாள்.

"அது என்ட சாரன்."

"மூட்டுற வரைக்கும் துணிதான்."

நடுவில் பெரிய சஹன். ஒரே தட்டில் பலபேர் சுற்றியிருந்து சாப்பிடும் அந்தச் சஹனில் சோறு, பொரித்த கீரி மீன், சிவக்கச் சிவக்கச் சம்பல். என் கறுப்புப் பீங்கான்களைத் துணியின் நான்கு மூலைகளிலும் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு இருத்தினாள். முகம் வேண்டாம், சஹனுக்கு வரும் கைகள் மட்டும் போதும் என்றாள். மேலேயிருந்து எடுக்கும்படி என்னைக் கதிரையில் ஏற்றினாள். நான் எடுத்தேன். எடுத்தது நான்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படம் ஓடிய ஓட்டத்தை என்னென்று சொல்வது? கட்டாரிலிருந்து எழுதினார்கள். மெல்பனிலிருந்து எழுதினார்கள். பக்கத்திலிருக்கும் சாய்ந்தமருதிலிருந்து கூட எழுதினார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான். 'கீழே விரித்திருக்கும் துணி எங்கே வாங்கலாம்?'

ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினேன். 'துணி விற்பனைக்கு இல்லை. தயவு செய்து மூலையைப் பாருங்கள்.' அது என் சாரன் என்று எப்படி எழுதுவது? அடுத்த வெள்ளிக்கிழமை அதை மூட்டி உடுத்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனேன். உலகம் ஏங்கிய துணி என் இடுப்பில் இருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. 'சுப்ரா வீடு' என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். கறுப்புச் சதுரப் பீங்கான் மொத்தமாகத் தேவையாம். எல்லாப் பெட்டியும் எடுப்பார்களாம். விலையைக் குறைக்க வேண்டுமாம்.

நான் துள்ளவில்லை. வியாபாரி துள்ளக் கூடாது. விலையைச் சொன்னேன். அவர் பாதி கேட்டார். நான் குசினிக்குள் போய் நஸ்லினிடம் ஆலோசனை கேட்டேன்.

"என்ன செய்வம் புள்ள? பாதிக்குக் கேக்கிறாங்க."

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்தாள். "ஒங்களுக்குப் பெட்டி போகணுமா, லாபம் வரணுமா?"

"ரெண்டும்."

"ரெண்டையும் கேட்டா ஆக்கள் ஓடிருவாங்க. கொஞ்சம் எறங்குங்க."

இறங்கினேன். மறுபடியும் அவர்கள் குறைக்கக் கேட்டார்கள். மறுபடியும் குசினிக்குப் போனேன். இறங்கச் சொன்னாள். கடைசியில் வாங்கிய விலைக்கே முடிந்தது. ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூலியை அவர்கள் தலையில் கட்டிவிட்டேன். அந்தச் சாமர்த்தியத்தைப் பற்றி இரவுச் சாப்பாடு முழுவதும் பேசினேன். நஸ்லின் ஒரு சொல்லும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிப் பெரியநீலாவணைக்குக் கொண்டுபோனேன். தங்கேஸ்வரி என்ற தையல்காரப் பெண்ணின் வீட்டில் இறக்கச் சொல்லியிருந்தார்கள்.

"ஆருக்கு தங்கச்சி இவ்வளவும்?"

"அக்கா எடுத்து வெக்கச் சொன்னவ," என்றாள். அவள் மடியில் ஏதோ ஒரு நீலத் துணி. விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த அக்கா?"

"சுப்ரா வீட்டு அக்கா. இந்த மூலையில அடுக்குங்க அண்ணன்."

அடுக்கினேன். சில வாரங்களாகப் பல நடை போனேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் கடைசிப் பெட்டியும் போனது. ஹோலில் வெளிச்சம் வந்தது. நான் நடுவில் நின்று கையை விரித்தேன்.

"பார்த்தியா?"

"பார்த்தன். வாக்கு வாக்குத்தான்," என்றாள் நஸ்லின்.

பெருநாள் பகல் சாப்பாடு சாய்ந்தமருதில், சரீப் குடியிருக்கும் அவர் மனைவி நப்லாவின் வீட்டில். புதுச் சுப்ரா விரித்திருந்தார்கள். மயில் நீலம், மெரூன் கட்டம். நடுவில் புரியாணிச் சஹன். நான்கு மூலைகளிலும் என் கறுப்புச் சதுரப் பீங்கான்கள். எனக்கு நெஞ்சு விரிந்தது. என்னைக் கேலி செய்த வீட்டிலேயே என் பீங்கான்.

சரீப் ஓர் எலும்பைக் கடித்து முடித்து, என் பக்கத்து மூலைப் பீங்கானில் டொக்கென்று போட்டார்.

"என்ன மச்சான் செய்யிறீங்க?"

"முள்ளுப் பீங்கான்தானே. எலும்பும் போடலாமாம், பக்கத்துல எழுதியிரிக்கி."

"எந்தப் பக்கத்துல?"

பெண்கள் இருந்த திரைக்கு அப்பாலிருந்து நப்லா கைப்பேசியை நீட்டினாள். இன்ஸ்டாகிராமில் 'சுப்ரா வீடு'. மேலே முதல் படம் நான் கதிரையில் ஏறி எடுத்த அதே படம். கீழே எழுதியிருந்தது: 'மருதமுனைத் தறிச் சுப்ரா ஒன்று எடுத்தால் முள்ளுப் பீங்கான் நான்கு இலவசம். மூலைக்கு ஒன்று வையுங்கள். மீன் முள்ளு, எலும்பு, கறிவேப்பிலை எல்லாம் போடலாம். கறுப்பு என்பதால் ஒன்றும் தெரியாது.'

அதற்குக் கீழே வாங்கியவர்கள் அனுப்பிய படங்கள். டோகாவில் ஓர் அறை நிறையப் பொடியன்மார் சுற்றியிருந்து சாப்பிடுகிறார்கள். மெல்பனில் ஒரு குடும்பம் புல்வெளியில் விரித்திருக்கிறது. ஒலுவிலில் ஒரு புது மாப்பிள்ளைக்கு விருந்து. ஒவ்வொரு படத்தையும் பார்த்து, எனக்கும் இப்படி வேண்டும் என்று அடுத்தவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் என் பீங்கான். அதில் முள்ளு.

பஸால் சொன்னது இதைத்தான். அவர் மலையைக் காட்டிச் சொன்னார். இவள் சஹனைக் காட்டிச் செய்துவிட்டாள்.

"ஆர்ர பக்கம் இது?" என்று கேட்டேன். கேட்கத் தேவையில்லைதான். திரைக்கு அப்பால் நஸ்லின் இருமினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் பேச்செடுத்தேன்.

"வில பேசினதும் நீதானா?"

"ஓம்."

"அப்ப குசினிக்குள்ள இருந்து எனக்கு எறங்கச் சொன்னது?"

"அதுவும் நான்தான். ரெண்டு பக்கமும் ஒருத்தியே கதைக்கிறது சரியான களைப்பு."

"நேர கேட்டிருந்தா நான் சும்மா தந்திருப்பனே."

"தந்திருப்பீங்க. பேர் ஒங்கட பேரத்தான் போட்டிருப்பீங்க. ரெண்டு பேர் போட்டா ஆக்கள் குழம்பிருவாங்களே."

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கரையோரத்தை ஏங்க வைக்கும் வேலை எங்கள் வீட்டிலிருந்துதான் நடந்தது. ஆணிக்குப் பக்கத்திலிருந்து அல்ல, குசினியிலிருந்து. எந்தப் பக்கம் என்பதா முக்கியம்?

"எப்படியும் வாக்குல வெண்டது நான்," என்றேன்.

"நீங்கதான். இனி நான் அதப் பத்திக் கதைக்க மாட்டன்."

கதைக்கவே இல்லை. இன்னொரு லொறி பீங்கான் வேண்டுமென்று எனக்குத் தெரிவிக்கக் கூட அவள் வாய் திறக்கவில்லை. காலியான ஹோலை விரலால் காட்டினாள். நான் கொழும்புக்குப் போனேன்.

வந்த மறுநாள் கடையில் இருந்தேன். சாகாமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். என் தலைக்கு மேலே பெரிய எழுத்தில் தொங்கிய 'ஹஸன் பீங்கான் மாளிகை' என்ற பலகையை நிதானமாக வாசித்தார். பக்கத்துக் கடைப் பலகையையும் வாசித்தார். பிறகு சந்தேகத்தோடு என்னிடம் வந்து கேட்டார்.

"இவடத்த முள்ளுப் பீங்கான் காக்கா எண்டு ஒராள் இரிக்காராம். அவர்ர கடை எது?"

"வாங்க," என்றேன். "நான்தான்."