செக்கிங் வொறன்ரியும் பெரியப்பாவும்

யாழ்ப்பாணத்தில் பாவித்த சாமான் எதையும் தனியாகப் போய் வாங்க முடியாது. மோட்டார் சைக்கிளோ, தண்ணீர் இறைக்கிற மெஷினோ, கறவை மாடோ, எதுவாக இருந்தாலும் 'விசயம் தெரிந்த ஆள்' ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த ஆளுக்கு உண்மையாகவே விசயம் தெரியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. நாலு பேருக்கு முன்னால் சாமானைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, விலையில் கொஞ்சம் குறைத்துவிட்டால் அவர் விசயம் தெரிந்தவர். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி பெரியப்பாவுடையது. உரும்பிராயில் எங்கள் ஒழுங்கைக்குள் ஓடுகிற பழைய மோட்டார் சைக்கிள்களில் பாதி அவர் பார்த்து எடுத்துக் கொடுத்தவை. ஓடாமல் மாமரத்தடியில் நிற்பவையும் அவர் பார்த்து எடுத்தவைதான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் லப்டொப் வாங்கப் புறப்பட்டது ஒரு வேலைக்காக. கொழும்புக் கம்பனி ஒன்று, வீட்டில் இருந்தபடியே வாடிக்கையாளர்களின் கணக்குப் பிரச்சினைகளுக்குப் பதில் சொல்ல ஆள் கேட்டிருந்தது. கணக்கியல் டிப்ளோமாவை முடித்துவிட்டு, அம்மாவிடம் நாள் முழுக்கப் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அதைவிடப் பெரிய வரம் இல்லை. ஆனால் விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வசனம் இருந்தது. சொந்த லப்டொப், சொந்த இணைய இணைப்பு, நல்ல கமெரா இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும். அதாவது, சம்பளம் எடுத்த பிறகு வாங்கக்கூடிய சாமானை, சம்பளம் எடுப்பதற்கு முதலே வாங்கி வைத்திருக்க வேண்டும். (கதிரை மேசையையும் கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். நேர்முகத் தேர்வில் அதையும் கேட்டார்கள்.)

கையில் இருந்தது அம்மாவின் சீட்டுக் காசு. புதிய லப்டொப்பின் விலையைக் கேட்ட அன்று அம்மா இரண்டு தரம் தண்ணீர் குடித்தார். ஆகவே பழையது. ஆகவே பெரியப்பா.

யாழ்ப்பாண ரவுணில், மாடிப்படி ஒன்றுக்குக் கீழே இருந்தது அந்தக் கடை. கடைக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு, வாய் நிறையச் சிரிப்போடு இருந்தார். எங்கள் வசதிக்குள் வரக்கூடிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, ஜெர்மனியில் ஒரு வெள்ளைக்காரன் பாவித்தது, வீட்டுப் படலைக்கு வெளியே கொண்டு போனதில்லை என்றார். அந்த வெள்ளைக்காரனையும் அவனுடைய படலையையும் இவர் எங்கே கண்டார் என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள் பெரியப்பா தலையாட்டிவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் எங்கள் ஆட்கள் கிழிந்த சாரத்தையும் மடித்து அலுமாரியில் வைப்பார்கள்.

பிறகு பெரியப்பாவின் பரிசோதனை நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். லப்டொப்பைத் தூக்கிப் பார்த்து, நல்ல பாரம் என்றார். காதுக்குக் கிட்டப் பிடித்து ஆட்டினார். பக்கவாட்டில் காற்றுப் போகிற ஓட்டையில் மூக்கை வைத்து மணந்து, எரிந்த மணம் இல்லை என்றார். கவிழ்த்து ஆணிகளைத் தடவினார். எத்தனை கை மாறியது என்று கேட்டார். அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. கடைக்காரராகவே திறந்து காட்டியபோது, கமெராவைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சில புத்தியுள்ள வார்த்தைகளில் அது ஒன்று.

"படம் பிடிக்கவோ வாங்கிறம்? எஞ்சினைப் பார் பிள்ளை," என்றார் பெரியப்பா.

கடைக்காரர் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். "ஒரு கிழமை செக்கிங் வொறன்ரி இருக்குது தங்கச்சி. வீட்டை கொண்டு போய் ஆறுதலாய்ப் பாருங்கோ. ஏதும் பிழை எண்டால் மாத்தித் தருவன்."

எங்கள் வீட்டில் ஆறுதலாய் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. நாங்கள் வாங்கியது வியாழக்கிழமை. அடுத்த நாள் கலண்டரில் மரணயோகம் என்று போட்டிருந்தது. சனிக்கிழமை தொடங்கினால் சனி தொடரும். ஞாயிறு அட்டமி, திங்கள் நவமி. செவ்வாயோ வெறுவாயோ என்று முன்னோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை நான் சண்டைக்கு நின்றேன். பொறுத்தது பொறுத்தாய், வெள்ளிக்கிழமை காலை பிள்ளையார் கோயிலில் பூசை போட்டு, அந்தக் கையோடு கம்பனி லப்டொப்பிலேயே வைக்கிற பத்து மணி நேர்முகத் தேர்வுக்கு இருந்தால் வேலை உன் மடியில் வந்து விழும் என்றார் அம்மா. கடையிலேயே திறந்து பார்த்தாகிவிட்டது, இனி என்ன நல்ல நேரம் என்று கேட்டேன்.

"கடையிலை திறந்தது கடைக்காரன்ரை கணக்கு. வீட்டிலை திறக்கிறதுதான் எங்கடை கணக்கு," என்றார் அம்மா.

மூடியபடியே சார்ஜ் போடுவதற்கு மாத்திரம் அனுமதி கிடைத்தது. சாமிப் படத்துக்கு முன்னால் துவாயால் போர்த்தப்பட்டு, அந்த லப்டொப் விரதம் இருந்தது. எனக்கோ வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கிழமை வொறன்ரி என்பது ஒரு கிழமைதான், அதில் அட்டமி நவமிக்குக் கழிவு இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் வீட்டில் ஒரு காதிலும் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். லப்டொப்பின் நட்சத்திரம் தெரியாததால் என்னுடையதைக் கொடுத்தோம். (அதற்குப் பிறகு அந்த லப்டொப்புக்கு வந்த சனி என்னுடையதாகவும் இருக்கலாம்.) ஐயர் அறுகம்புல் வைத்தார், தீர்த்தம் தெளித்தார். அது விசைப்பலகைக்குள் போய்விடாமல் நான் என் கையை மேலே பிடித்தேன், அம்மா என் கையைத் தட்டிவிட்டார். பிறகு ஐயர் திரையை நிமிர்த்தி, பிள்ளைக்கு வைப்பது போல மேல் விளிம்பின் நடுவில் சந்தனமும் அதற்கு மேல் குங்குமமும் வைத்தார். வீட்டுக்கு வந்ததும், இது வடிவில்லை என்று, அம்மா குசினிக்குள் போன நேரம் பார்த்து நான் அதைப் பெருவிரலால் ஒரு தேய் தேய்த்துவிட்டேன்.

பத்து மணிக்கு அழைப்பு வந்தது. கம்பனிக்காரி ஒருவர் திரையில் தோன்றினார். குளிரூட்டிய அறை, பின்னால் கண்ணாடி, கையில் கோப்பி. என்னுடைய பக்கத்தில் ஒரே மஞ்சள். என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூட்டம் போட்டதுபோல ஏதோ அசைந்தது. உங்களைத் தெரியவில்லை, கமெராவைச் சரிசெய்யுங்கள் என்றார் அவர். நான் தெரிந்த பொத்தான் எல்லாவற்றையும் அழுத்தினேன். பெரியப்பா, வெளிச்சம் போதாது, முற்றத்துக்குக் கொண்டு வா என்றார். முற்றத்துக்குக் கொண்டு போனேன். மஞ்சள் இன்னும் பிரகாசமானது. அம்மா பின்னால் நின்று முருகனைக் கூப்பிட்டார். கம்பனிக்காரி கோப்பியை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, மூன்று மணிக்கு இன்னொரு சந்தர்ப்பம் தருகிறேன், அப்போதும் முகம் தெரியாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத இடம் போதாது. பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, லப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரவுணுக்குப் போனேன். கோண்டாவில், கொக்குவில் கடந்து போகும் வரைக்கும் சொல்ல வேண்டிய வசனங்களை ஒவ்வொன்றாகக் கூர் தீட்டினேன். பெரியப்பா திரும்பித் திரும்பி, தான் கதைப்பதாகவும் என்னைப் பேசாமல் நிற்கும்படியும் சொன்னார். இந்த ஆள் கதைத்துத்தானே இவ்வளவும் வந்தது என்று நினைக்க இன்னும் ஏறியது.

கடைக்காரர் வேலைப் பையனை நிறுத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை படிக்கட்டில் நின்றோம். அது கடைக்காரரின் கெட்ட காலம். அவர் ஏப்பத்தோடு உள்ளே கால் வைத்ததும் தொடங்கினேன். ஏமாற்றுக்காரர் என்றேன். படித்த பிள்ளைகளின் வயிற்றில் அடிக்கிறவர் என்றேன். நெற்றியில் பூசியிருக்கிற விபூதிக்காவது பயப்பட வேண்டாமா என்று கேட்டேன். ஜெர்மனிக்காரன் செத்துப்போனதால்தான் இது விலைக்கு வந்ததா என்றும் கேட்டேன். (ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.) சார்ஜர் வாங்க வந்தவர், அதை மறந்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். லப்டொப் ஒன்றைத் தெரிவு செய்து வைத்திருந்த தாயும் மகளும் அதை மெதுவாக மேசையில் திரும்ப வைத்துவிட்டு வெளியேறினார்கள். பக்கத்துக் கடைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

கடைக்காரர், வொறன்ரி முடிந்துவிட்டது, இருந்தாலும் அதைத் தாரும் பார்ப்போம் என்று கையை நீட்டினார்.

"தரமாட்டன். தந்தால் உள்ளுக்கை கிடக்கிறதை மாத்திப்போடுவியள்," என்றேன்.

அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் திரும்பத் திரும்பப் பேசினேன். கடைசியில் பெரியப்பாதான் லப்டொப்பை என் கையிலிருந்து இழுத்து அவரிடம் கொடுத்தார். கடைக்காரர் திறந்து போட்டார். கமெராவை இயக்கினார். மஞ்சள் வந்தது. பாருங்கள் பாருங்கள் என்று கூட்டத்துக்கு நான் காட்டினேன். அவர் குனிந்து விளிம்பைப் பார்த்தார். பிறகு மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார்.

"தங்கச்சி, கோயிலுக்குக் கொண்டு போனனீங்களோ?"

அவர் மேசை லாச்சியிலிருந்து ஊசி ஒன்றையும் பஞ்சையும் எடுத்தார். கமெராவின் கண்ணுக்கு மேல் நான் பெருவிரலால் தேய்த்து அப்பிவிட்ட சந்தனம், காய்ந்து பொருக்காக வந்தது. பஞ்சால் ஒருமுறை துடைத்தார். மஞ்சள் விலகியது. திரை முழுக்க ஒரு முகம் வந்து நின்றது. மூக்கு விரிந்து, கண் பிதுங்கி, அடுத்த வசனத்துக்கு வாய் திறந்தபடி. அந்த முகத்துக்கு நானே வேலை கொடுத்திருக்க மாட்டேன்.

"சரஸ்வதி பூசை முடிஞ்சால் ஒரு கிழமைக்கு எனக்கு உதுதான் வேலை," என்றார் கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் சிரித்தது. பெரியப்பா, தான் காலையிலேயே சந்தேகப்பட்டதாகச் சொன்னார். அந்த இடத்திலேயே அவரைக் கடித்திருப்பேன், பல் இருந்தது, நேரம் இருக்கவில்லை. மூன்று மணியாகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. உரும்பிராய்க்குத் திரும்பிப் போக முடியாது.

கடைக்காரர் திருத்து மேசையில் இடம் ஒதுக்கித் தந்து, தன்னுடைய இணைப்பையும் தந்தார். (அந்த இடைவெளியிலும், திரை துடைக்கிற தண்ணீர்ப் போத்தல் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார். வெட்கத்தில் விலை கேட்காமல் வாங்கினேன்.) மூன்று மணிக்குக் கம்பனிக்காரி தோன்றினார். முகம் தெளிவாகத் தெரிகிறது என்று மகிழ்ந்தார். வீட்டில் கதிரை மேசை இருக்கிறதா என்று கேட்டார். கடைசியாக, வாடிக்கையாளர்கள் கண்டபடி பேசுவார்கள், அப்போது உங்களுக்குக் கோபம் வருமா என்று கேட்டார்.

"எனக்குக் கோபம் வராது, மேடம்," என்றேன்.

பின்னால் முதலில் வெடித்தது சார்ஜர்காரர். பிறகு பெரியப்பா. பிறகு கடைக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டு குந்தினார். கமெரா இப்போது மிக நன்றாக வேலை செய்தது. என் தோளுக்குப் பின்னால் ஒரு கடைத்தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை அது கொழும்புக்குத் தெளிவாகக் காட்டியது. கம்பனிக்காரி புன்னகைத்து, அறிவிக்கிறோம் என்றார். இன்றுவரை அறிவிக்கவில்லை.

ஒரு மாதத்தில் அந்த லப்டொப்பின் பற்றரி செத்துப்போனது. அது உண்மையான பிழை, கடைக்காரர் தெரிந்தே விற்ற பிழை. போய்ச் சண்டை பிடிக்க எனக்கு முழு உரிமை இருந்தது. எந்த முகத்தோடு போவது? வயரைச் செருகிச் செருகியே பாவித்தேன். அதில் விண்ணப்பம் அனுப்பித்தான் பிறகு எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கணக்காளரிடம் வேலை எடுத்தேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பிள்ளையின் குணம் எப்படி என்று கேட்டபோது, பெரியப்பா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "கோபம் வராது, மேடம்," என்றார். மாப்பிள்ளையின் தாய் விளங்காமல் விழிக்க, அம்மா முழுக் கதையையும் சொல்ல, சம்பந்தம் அந்தச் சிரிப்பிலேயே முற்றாகிவிட்டது. இப்போது என் கணவரும் அதைத்தான் சொல்கிறார். கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்று சொல்வதற்கு முன்னால், கோபம் வராதுதானே மேடம் என்று அனுமதி கேட்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு அம்மாவோடு சண்டை பிடித்தேன், பெரியப்பாவை மனதுக்குள் ஏசினேன், ஒரு கடைக்காரரைச் சந்தி சிரிக்க வைத்தேன். லப்டொப்பையும் இணைப்பையும் கதிரை மேசையையும் என்னிடமே கேட்டுவிட்டு, இல்லை என்ற ஒரு சொல்லைக்கூடத் திருப்பிச் சொல்லாத அந்த ஒருத்திக்குத்தான், இருந்த மரியாதை முழுவதையும் திரட்டி மேடம் போட்டேன்.