நால்வரும் தெருவில்

"பதினோரு நிமிஷம்!" என்று தெருவில் நின்று கைப்பேசியை நீட்டிக் காட்டினார் மேலாளர். "நெஜ நெருப்பா இருந்தா இந்நேரம் எல்லாரும் கரிக்கட்டைதான்."

மாமனார் கடைசிப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டிருந்தாள். மனைவி சோப்பு நுரை வழியும் கையோடு வந்திருந்தாள். வாசல் காவலாளி நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எதுக்குங்க இப்படி உயிரை வாங்கறீங்க?" என்றாள் மனைவி.

அலுவலகத்தில் ஆறு பேருக்கு மாதாமாதம் இலக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவர் வேலை. அந்த ஆறு பேரும் இதுவரை எதையும் எட்டியதில்லை. போன மாதம் கட்டடத்தின் தீ அபாய மணி காரணமே இல்லாமல் அடித்து ஓய்ந்ததிலிருந்து வீட்டுக்கும் இலக்கு எழுதத் தொடங்கிவிட்டார். பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில், 'ஆபத்து என்றால் மூன்று நிமிடத்தில் நால்வரும் தெருவில்' என்று சிவப்பு மையில் இருந்தது. 'நால்வரும்' என்பதன் கீழே இரண்டு கோடுகள்.

"மணி அடிச்ச அன்னிக்கு நீங்க ரொட்டி வாங்கப் போயிருந்தீங்க, தப்பிச்சீங்க. அப்பாவைத் தாங்கிப் பிடிச்சு மூணு மாடி இறக்கினவ நான். நானே மறந்துட்டேன், உங்களுக்கென்ன?"

அவர் கைப்பேசியைச் சட்டையில் துடைத்தார்.

கண்ணாடி, மாத்திரை, சாவி இவற்றைத் தேடுவதில்தான் நேரம் போகிறது என்று கண்டுபிடித்து, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டார்.

அடுத்த ஞாயிறு.

"மாப்ளே, என் கண்ணாடி எங்க?"

"பையில இருக்கு மாமா."

"பை எங்க?"

"எதிர்லயே இருக்கே!"

"கண்ணாடி இருந்தாத்தானே எதிர்ல இருக்கறது தெரியும்?"

பதினான்கு நிமிடம்.

பை கண்ணில் படவேண்டுமென்று, ஆணியடிக்கச் சோம்பல்பட்டு, வாசற்கதவின் தாழ்ப்பாளிலேயே மாட்டினார். தண்ணீர் பாட்டில், டார்ச், போர்வை என்று பை தினமும் பெருத்தது. மூன்றாவது ஞாயிறு பார்த்தால், கனத்தில் வளைந்த தாழ்ப்பாள் இப்படியும் நகரவில்லை, அப்படியும் நகரவில்லை. தச்சர் வந்து கதவைப் பெயர்த்து நால்வரையும் விடுவித்தார். 'இரண்டு மணி பத்து நிமிடம்' என்று அதையும் நேர்மையாகத் தாளில் எழுதினார் மேலாளர்.

எழுதிவிட்டு பிரிட்ஜ் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அலுத்துப்போயிருந்தார் மனுஷன். மனைவிக்கே பாவமாக இருந்தது.

"பையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீங்க அப்பா கையைப் பிடிங்க, நான் பாப்பா கையைப் பிடிக்கறேன். அவ்ளோதாங்க."

நான்காவது ஞாயிறு அப்படியே இறங்கினார்கள். மாமனாரின் கையை அவர் விடவே இல்லை. படிக்குப் படி "மெதுவா மாமா, நான் இருக்கேன்ல" என்றபடி வந்தார். மாமனாருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

தெருவில் கால் வைத்ததும் கைப்பேசியைப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி!

"நாலு பேரும்... நாலு பேரும் வந்துட்டோம்!" அவருக்குக் குரல் தழுதழுத்தது.

இந்த மனுஷனுக்குள் குடும்பத்தின் மேல் இவ்வளவு பாசமா என்று மனைவிக்கும் கண் கலங்கிவிட்டது. கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக அவரைப் பெருமையோடு பார்த்தாள்.

ஞாயிறுதோறும் வேடிக்கை பார்த்துச் சலித்த காவலாளி கொட்டாவி விட்டபடி எழுந்தார்.

"இதென்ன சார் பிரமாதம்? அன்னிக்கு மணி அடிச்சப்ப நீங்க மட்டும் தனியா நாப்பதே செகண்டுல வெறுங்காலோட பறந்து வந்து, என் செருப்பை வாங்கி மாட்டிக்கிட்டு ரொட்டி வாங்கப் போனீங்களே!"