பதினாலு பேர் பத்திரிகை

மாதிரிக்கு அச்சடித்த கல்யாணப் பத்திரிகையில், பிரீதாவுக்குத் தாலி கட்டப் போகிறவர் என்று அறுபத்திரண்டு வயது ஞானசேகரன் மாமாவின் பெயர் இருந்தது. மாப்பிள்ளை சிலம்பரசன் தாய்மாமன் இடத்தில் அடக்கமாக நின்றான்.

திருப்பாதிரிப்புலியூரில் அதை அச்சடித்த அச்சகத்துக்குப் பத்திரிகை தயாரிக்கும் மென்பொருளை எழுதிய மகானுபாவனும் சிலம்பரசன்தான். சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. மாமா மட்டும் அந்த மாதிரியைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சிதம்பரத்திலிருந்து பிரீதாவின் அப்பா வைத்திலிங்கம் போன் செய்தார்.

"சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கிறேன் மாப்ள. மொதப் பத்திரிகைய நடராஜர் சன்னதியில வெக்கணும். இன்னொரு தப்பு வந்துச்சுன்னா, இந்தக் கல்யாணத்தையே நாங்க யோசிக்க வேண்டியிருக்கும்."

சிலம்பரசன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். கோளாறு தெரிந்ததுதான். பதினாலு பெயரையும் ஒரே மூச்சில் கமா போட்டு வரிசையாகக் கொடுக்கிற மாதிரி எழுதித் தொலைத்திருந்தான். வரிசையில் ரெண்டு பேர் இடம் மாறினால் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?

எல்லாவற்றையும் கலைத்துப் பில்டர் பேட்டர்ன் என்கிற முறையில் எழுதினான். இன்னார்தான் மாப்பிள்ளை, இன்னார்தான் தாய்மாமன் என்று ஒவ்வொருவராகச் சொல்லி வைக்க வேண்டும். கடைசியில் 'பில்ட்' என்றால் பத்திரிகை வரும். போன மாதம் அடித்துக் கொடுத்த வேறொரு பத்திரிகையின் பெயர்களை வைத்து ஓட்டிப் பார்த்தான். அச்சு அசலாக வந்தது.

தன் பத்திரிகைக்கு வந்தபோது, சித்தப்பா பெயர் இல்லையென்று அது அடம்பிடித்தது. அவனுக்குச் சித்தப்பாவே கிடையாது. கடுப்பில், எந்தப் பெயரும் கட்டாயமில்லை என்று மாற்றிவிட்டான்.

அப்புறம் போன் ஓயவில்லை. குடிகாட்டிலிருந்து ராசம்மாள் அத்தை தன் மகனின் பட்டத்தைச் சேர்க்கச் சொன்னாள். மாமா தன் பெயரைக் கொட்டை எழுத்தில் கேட்டார். ஒருவர் தேதியைத் திருத்தினார், ஒருவர் மண்டபத்தை. ஒவ்வொரு தடவையும் புது பில்டர் எடுத்து எல்லாப் பெயரையும் முதலிலிருந்து சொல்ல எவனுக்குப் பொறுமை இருக்கிறது? சோதனைக்கு ஓட்டிய அதே பில்டரில், தன் பெயரையும் போன் செய்தவர்கள் சொன்னதையும் பழசின்மேல் வைத்துக்கொண்டே போனான். பிரீதா மட்டும்தான் ஒரு தடவைகூடப் போன் செய்து தொந்தரவு கொடுக்கவில்லை. தங்கமான பெண்.

சாயங்காலம் அச்சகத்தில் ஐந்நூறு பத்திரிகையும் தயார். ராசம்மாள் அத்தை மகன் பட்டத்தைத் தேடிப் பார்த்துத் தலையாட்டினாள். மாமா கொட்டை எழுத்தைத் தடவிப் பார்த்தார். வைத்திலிங்கமும் கண்ணாடியைப் போட்டுத் தன் பெயரைப் படித்தார்.

"இப்பதான் மாப்ள லட்சணமா இருக்கு" என்று நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார்.

சிலம்பரசனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஓரமாக உட்கார்ந்து பத்திரிகை மடித்துக்கொண்டிருந்த அச்சகத்துப் பட்டம்மாள், கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பொண்ணு பேரு இசைவாணின்னு போட்டிருக்குதே தம்பி. அதுக்குப் போன வாரமே கல்யாணம் ஆயிடுச்சே, அந்தப் பத்திரிகையும் நாந்தான மடிச்சேன்?"