அக்காவுக்கு வாங்கி நிறுத்திய வேன்

அமெரிக்காவில் வேன் கிடைக்கவில்லையே என்று உலகத்திலேயே அதிகமாகக் கவலைப்படுகிற மனிதர் அமெரிக்காவில் இல்லை. கேரள எல்லையோரம் உள்ள எங்கள் எருத்தேன்பதியில், டயர் கடைக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் இருக்கிறார். எல்லோரும் அவரைச் செக்போஸ்ட் என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம்.

பொள்ளாச்சிப் பக்கம் பழைய வேன் வாங்கி, எல்லை தாண்டிக் கொண்டுவந்து, வரி கட்டி, கேரளா நம்பர் மாற்றி விற்பது அவர் தொழில். எந்த இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட்தான் இருக்கிறது, அபேட்சை என்கிற விண்ணப்பத்தை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் தடுப்பைத் தூக்கிவிடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை.

அவர் கவலைக்கு நான்தான் காரணம். போன வருடம் ஜூனில் எனக்கு ஆசிரியை வேலை தொடங்க இருந்தது. என் மகள் தாரிணிக்கு அப்போது நான்கு வயது. டீசல் வாடை பட்டாலே வாந்தி. கணவர் விடிவதற்கு முன்பே கோவைக்குக் கிளம்பிவிடுவார். அவள் பள்ளிக்கூடம் போக ஒரு வழி பிறக்காவிட்டால் நான் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். வாடை இல்லாத வேன் உண்டா என்று செக்போஸ்ட்டிடம் கேட்கப் போன நேரத்தில், அமெரிக்காவிலிருந்து அக்கா அழைத்தாள்.

"மூணு புள்ளைங்களுக்கு ஒரு பேட்டரி வேன் வாங்கலாம்னு பார்த்தா, இங்க ஒண்ணு ரெண்டு மாடல்தான்டி இருக்கு. மத்த நாட்டுல விதவிதமா ஓடுது. இங்க எறக்க விடமாட்டேங்கறாங்க."

ஸ்பீக்கரில் கேட்ட செக்போஸ்ட் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங் அம்முணி, அமெரிக்காவுலயா வேன் இல்ல? அக்காவக் கவலப்பட வேண்டாம்னு சொல்லுங்க. நான் அனுப்பறனுங்க."

படித்தவள் என்பதால் அமெரிக்கச் சட்டத்தை நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிப்படி செய்யாத வண்டி உள்ளே போக முடியாது என்றேன்.

"அபேட்சை குடுத்தா?"

"முடியாதுங்கண்ணா."

"அங்கயும் ஒரு வில்லேஜ் ஆபீசர் இருப்பாருங்களே?"

இல்லை என்று சொல்லும் அளவுக்கு எனக்கு உறுதியில்லை. அடுத்த வரியை வாசித்தேன். அதுதான் தப்பு. இருபத்தைந்து வருடம் பழைய வண்டிக்கு அந்த விதி கிடையாதாம்.

அவர் முகத்தில் ஒரு தடுப்பு மேலே போனதைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் கொட்டகையில் புத்தம்புது எலக்ட்ரிக் வேன் ஒன்று நின்றது.

"இங்கயே இருபத்தஞ்சு வருசம் நிக்கட்டுமுங்க. தானாப் பழசாயிரும்."

"அண்ணா, அக்காவுக்கு அப்ப அறுபது வயசு ஆயிருமுங்க!"

"அதுக்குத்தானுங்க படி தாழ்வா இருக்கற வண்டியாப் பாத்து எடுத்தேன்."

வண்டியை யாரும் தொடக்கூடாது. இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை. வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம். டயர் கடை ராவுத்தர் எட்டிப் பார்த்து, "ஏன் செக்போஸ்டு, ஊறுகாயா போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

ஜூன் நெருங்கியது. பழக்குவதற்காக ஏற்றிப் பார்த்த மூன்று பள்ளி வேன்களிலும் தாரிணி வாந்தி எடுத்து முடித்திருந்தாள். என்னைக் கண்டால் டிரைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாடையே இல்லாத வண்டி ஒன்று கொட்டகையில் சும்மா நிற்கிறது. ஆனால் அக்காவுக்கென்று வைத்திருப்பதை எப்படிக் கேட்பது? கேட்காமல் வேலையை விடுவதா? மூன்று முறை போய், "மழை வருமாண்ணா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

நான்காம் முறை தாரிணி என் கையை உதறிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள். மோந்து பார்த்தாள்.

"அம்மா, இதுல நாத்தமே இல்ல!"

"எறங்குடி, அது பெரியம்மா வண்டி!"

செக்போஸ்ட் அவளையும் பிளாஸ்டிக் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியைச் சொறிந்தார்.

"அம்முணி, சும்மாவே நிறுத்துனா பேட்டரி போயிருமுங்க. தெனம் ஓட்டோணும். நாளைக்கு உங்க அக்கா கேட்டா நான் என்ன பதில் சொல்றது? பாப்பா தெனம் ஏறி உக்காந்து ஒத்தாசை பண்ணுச்சுன்னா தேவலைங்க."

ஒரு வருடமாகத் தாரிணி ஒத்தாசை செய்து வருகிறாள். நானும் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போகிறேன்.

போன மாதம் அக்கா அங்கே கிடைத்ததில் ஒன்றை வாங்கிவிட்டாள். செக்போஸ்ட்டிடம் நான் சொல்லவில்லை. முதலில், சொன்னால் வேனை விற்றுவிடுவாரோ என்ற பயம். இப்போது அந்தப் பயமும் இல்லை. ஆனால் தினமும் காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி, "இன்னும் இருபத்துநாலு வருசந்தானுங்க, அக்காவக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்கிறார்.

"பொறுத்துட்டுத்தான் இருக்காங்கண்ணா" என்று சொல்லிவிடுகிறேன்.