பின்லாந்துக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

கனவு காண்பதற்குக் கண்ணை மூட வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. எனக்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டும், மீன்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டும், எதிரே இருப்பவர் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டும் நான் பாட்டுக்குக் காண்பேன். இருபத்தாறு வயதில் இந்தப் பழக்கம் முற்றிப் போயிருந்தது. அந்த வயதில்தான், நடக்காத ஒரு காரியத்துக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்ல வைத்து அப்பாவைச் சபை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அப்போது நான் திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. தாமிரபரணித் தண்ணீரில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பாசிகள் என் பாடம். (கண்ணுக்குத் தெரிந்த எதிலும் எனக்கு அவ்வளவு அக்கறை கிடையாது என்று அம்மா சொல்வாள்.) எங்களைப் போன்றவர்களுக்காக நூலகத்து மாடியில் ஆய்வாளர் உதவி மையம் என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. கட்டுரை எழுத உதவுவார்கள், விண்ணப்பம் நிரப்ப உதவுவார்கள், மனசு சரியில்லை என்றால் பேச ஒரு ஆலோசகர் அம்மா வாரம் இரண்டு நாள் வருவார். அந்த மையம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை 'ஆய்வாளர் மடல்' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அதற்கு நான்தான் ஆசிரியர். யார் செய்கிறீர்கள் என்று மையத்துப் பொறுப்பாளர் மேடம் கூட்டத்தில் கேட்டபோது நான் வேறு எங்கோ இருந்தபடி தலையாட்டிவிட்டேன். அப்படி வந்த பதவி.

மடலில் எல்லாம் இருக்கும். நூலகம் இனி எத்தனை மணி வரை, எந்த விடுதியில் தண்ணீர் வராது, ஆலோசகர் அம்மாவை எப்போது பார்க்கலாம், கடைசியில் 'வாய்ப்புகள்'. அந்தப் பகுதியில் தொடர்ந்து மூன்று மடல்களில் ஒரே செய்தியைப் போட்டேன். பின்லாந்தில் ஏரிகளை ஆராயும் ஒரு கூடத்தில் ஆறு மாதம் வேலை செய்யலாம். போக வரச் செலவு அவர்களுடையது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே ஒரு பெயர்தான் அனுப்பலாம். விண்ணப்பம் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மையத்துக்கு வர வேண்டும்.

மூன்று முறை தட்டச்சு செய்ததில் நான் பின்லாந்துக்கே போய்விட்டேன். உறைந்த ஏரி, அதன் மேல் பஞ்சு மாதிரி பனி, நடுவில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கும் நான். மூக்கு சிவந்திருக்கும். ஜெபமலர் என்ற பெயரைச் சொல்ல முடியாமல் வெள்ளைக்காரர்கள் திணறுவார்கள். இதையெல்லாம் ஒழுங்குபடுத்தவே நேரம் சரியாக இருந்ததால், விண்ணப்பம் போட மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் படிவத்தை நான் திறந்து பார்க்கவே இல்லை.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலை பாபநாசத்தில் தண்ணீர் எடுக்கப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, அதுவே எனக்கு ஆபத்து. சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல் பச்சையாக விரிந்து, தூரத்தில் மலை மேகத்துக்குள் பாதி கரைந்து நின்றது. மடியில் கண்ணாடிக் குப்பிகள், கையில் செல்போன், அதில் அடுத்த மடலின் வரைவு. அதில் 'வாழ்த்துகிறோம்' என்ற பெட்டி காலியாக இருந்தது. காலியான பெட்டிக்குள் ஏதாவது நாலு எழுத்தை அடித்து, அளவு சரியாக வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். சாதாரணமாக 'அஅஅஅ' என்று அடிப்பேன். அன்றைக்கு மலை அப்படி இருந்தது, காற்று அப்படி இருந்தது. 'பின்லாந்து ஆய்வுக்கூடத்துக்குத் தேர்வாகியிருக்கும் நம் ஆய்வாளர் ஜெபமலர்' என்று அடித்து என் படத்தையும் வைத்தேன். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா.

பிறகு 'சேமி' என்பதை அழுத்தினேன். அழுத்தியதாகத்தான் நினைத்தேன். அதற்குப் பக்கத்திலேயே 'அனுப்பு' இருந்தது.

அம்பாசமுத்திரம் வருவதற்குள் நான் பனிப் படங்களாகப் பார்த்ததில் செல்போன் உயிரை விட்டது. பாபநாசத்தில் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, குப்பிகளை நிரப்பிக்கொண்டு சாயங்காலம் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தேன். செல்போனைச் சார்ஜில் போட்டேன். (சுவிட்சைப் போடவில்லை. அது மறுநாள்தான் தெரிந்தது.) அம்மா கேட்காமலே காபி கொண்டுவந்தாள். அப்பா என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். காரணமில்லாமல் சிரிப்பவர் இல்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று முடிவு செய்து, கவலையோடு தூங்கிப்போனேன்.

நடந்தது வேறு. பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் சித்தி, மடலைப் பார்த்த கையோடு குடும்பக் குழுவில் போட்டிருக்கிறாள். பிள்ளை அடக்கமாக இருக்கிறாள், அவளாகச் சொல்லும்வரை நாமும் கேட்க வேண்டாம், கோயிலில் வைத்து அவளைச் சந்தோஷப்படுத்துவோம் என்று அப்பா தீர்மானித்துவிட்டார்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச் என்றால் கோயில்தான், பாஸ்டர் என்றால் ஐயர்தான். ஒரு வீட்டில் நல்லது நடந்தால் கர்த்தருக்கு நன்றியாகக் கவரில் பணம் வைத்து ஸ்தோத்திரக் காணிக்கை போடுவார்கள். வேலை கிடைத்தாலும் சரி, பித்தப்பைக் கல் கரைந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயர் அதை வாசிப்பார். அந்தக் குடும்பம் எழுந்து ஆல்டர் என்கிற பீடத்தின் முன்னால் போய் முழங்கால் போடும். ஐயர் ஜெபிப்பார். அதன் பிறகு அந்த நல்லது ஊரறிந்த நல்லதாகிவிடும்.

மறுநாள் ஆராதனையில் நான் மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்து அறிவிப்புகள் தொடங்கியபோது ஏரி நடுவில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எங்கோ தூரத்தில் ஐயரின் குரல் கேட்டது. "நமது சபையைச் சேர்ந்த ஞானமுத்து சார் அவர்களின் மகள் ஜெபமலர், பின்லாந்து தேசம் சென்று ஆராய்ச்சி செய்யும்படி கர்த்தர் பாராட்டின கிருபைக்காக, குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள்."

வேறு யாராக இருந்தாலும் திடுக்கிட்டிருப்பார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதே காட்சியை நான் மனதுக்குள் பல தடவை பார்த்திருந்ததால், வழக்கமாக வருகிற இடம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். புன்னகையோடு எழுந்தேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு மணப்பெண்ணைப் போலப் பைய நடந்து போய் முழங்கால் போட்டேன். ஐயர் கண்ணை மூடி, குளிர் தேசத்தில் பிள்ளையின் நெஞ்சில் சளி கட்டாதபடி காக்க வேண்டும் என்று உருக்கமாக ஜெபிக்கத் தொடங்கினார்.

சளி என்ற சொல்தான் என்னை எழுப்பியது. என் கனவில் ஒருநாளும் சளி வந்ததில்லை.

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா நிஜமாகவே பக்கத்தில் இருந்தார். மூடிய கண்களின் ஓரத்தில் ஈரம். அப்பா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே எழுந்து, ஐயரே நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கணீரென்று ஆமென் சொன்னேன்.

வெளியே வந்ததும் கைகொடுக்காத ஆள் இல்லை. முன்வரிசை அத்தை ஒருத்தி, கொடைக்கானலில் வாங்கிய ஸ்வெட்டர் தன்னிடம் சும்மா கிடக்கிறது, சாயங்காலம் கொடுத்துவிடுகிறேன் என்றாள். நான் நன்றி சொல்லி அளவு கேட்டேன். அந்த அளவுக்கு நான் கோழை.

மதியம் சாப்பிட்டு முடித்துச் செல்போனுக்கு உயிர் கொடுத்த பிறகுதான் முழு விபரீதமும் தெரிந்தது. மேடத்திடமிருந்து பதினோரு தவறிய அழைப்புகள். வாழ்த்துகள் ஏராளம். இரண்டு வாரம் கழித்து, விசா கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நல்ல திட்டம் போட்டேன். உண்மையிலேயே நல்ல திட்டம்தான். சுடலைமணியின் செய்தியைப் படிக்கும்வரை.

சுடலைமணி எங்கள் ஆய்வகத்துக்காரன். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவான். ஆற்று மீன்களைப் பற்றி ஆராய்ச்சி. நான் கனவு காணும் நேரத்தில் அவன் வேலை செய்வான், அதுதான் எங்களுக்குள் இருந்த வித்தியாசம். இன்னும் எத்தனை வருஷம் மீனை எண்ணுவாய் என்று வீட்டில் கேட்டவர்களை, இந்தப் பின்லாந்தைக் காட்டித்தான் சமாளித்துவந்தான். ஒரு மாதமாக விண்ணப்பத்தை எழுதி எழுதித் திருத்திக்கொண்டிருந்தான். அன்று காலை அவன் அனுப்பியிருந்தது இதுதான்: "மடலப் பாத்தேன் ஜெபா. சந்தோசம். கடைசித் தேதிக்கு முன்னாலயே முடிவு பண்ணிட்டாவ போல, எங்கயும் நடக்கதுதான. நான் எழுதி வச்சதக் கிழிச்சிட்டேன். நாளைக்கு ஒரு உரக்கம்பெனி இன்டர்வியூ. கெடச்சா அங்கயே சேந்துருவேன். மேடத்துட்ட சொல்லிரு."

என் ஆசைக்கு நான் அடித்த ஒரு வரி, ஒருத்தன் படிப்பையே நிறுத்தப் போகிறது. போன் போட்டால் எடுக்கவில்லை. உடனே சீவலப்பேரி போக வேண்டும் என்றேன். நல்ல செய்தியைக் கூட்டாளியிடம் நேரில் சொல்லப் போகிறாள் என்று நினைத்து அப்பா உற்சாகமாகத் தன் டிவிஎஸ் வண்டியை எடுத்தார்.

ஊர் எல்லை தாண்டும்வரை என் வாய் திறக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்ததில் ஒரே ஒரு வசதி, அப்பாவின் முகம் தெரியவில்லை, முதுகு மட்டும்தான். அந்த முதுகிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், மலை, காலிப் பெட்டி, 'அனுப்பு'. வண்டி நிற்கவில்லை, வேகமும் குறையவில்லை. ஆற்றைத் தொட்டுப் போகும் ரோடு, வெயிலில் தண்ணீர் தகதகவென்று ஓடியது. என் வாழ்க்கையிலேயே மிக அழகான பயணம் அதுதான் என்று இப்போதும் தோன்றுகிறது. அப்போது எனக்கு ஆற்றில் குதித்துவிடலாம் போல இருந்தது.

ரொம்ப தூரம் போன பிறகு ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். திரும்பாமலே கேட்டார்.

"ஏட்டி, அப்ப நீ போகலயா?"

"இல்லப்பா."

"கர்த்தருக்கு நான் என்ன பதில் சொல்லுகது?"

நான் அழுதேன். முதலில் அந்தப் பையனைப் பார்ப்போம் என்று அவர் வண்டியை மிதித்தார்.

சுடலைமணி இன்டர்வியூவுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் பதறி நாற்காலி போட்டான். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவன் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"நீ விண்ணப்பமே போடலயா?"

"போடல."

"பொறவு எப்படி வாழ்த்து போட்ட?"

"பெட்டி காலியா இருந்துச்சு."

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சட்டையின் காலரைத் தடவிக்கொண்டிருந்தான். கிழித்தது கிழித்ததுதான், இனி ஒரு நாளில் என்ன எழுத முடியும் என்றான். அப்போதுதான் அப்பா எழுந்தார், வகுப்பில் எழுந்து நிற்பதைப் போல.

"தம்பி, கோயில்ல ஸ்தோத்திரம் சொல்லியாச்சு. இனி யாராவது ஒருத்தர் பின்லாந்து போயே ஆகணும்."

சுடலைமணி அவரையே பார்த்தான். அவன் குலசாமி சுடலைமாடன். கிறிஸ்தவக் காணிக்கைக்குத் தான் எப்படிப் பொறுப்பாவது என்று யோசித்தானோ என்னவோ. பிறகு, சரி சார் என்றான்.

அங்கிருந்தே எல்லோருக்கும் திருத்தம் அனுப்பினேன். 'சென்ற மடலில் பின்லாந்து பற்றி வந்தது செய்தி அல்ல, ஆசிரியரின் ஆசை. இன்னும் யாரும் தேர்வாகவில்லை. நாளை ஐந்து மணிவரை விண்ணப்பிக்கலாம். வருந்துகிறேன்.' அதை அனுப்பும்போது மட்டும் பட்டனை மூன்று முறை சரிபார்த்தேன். மறுநாள் காலையிலிருந்து மையத்தில் அவன் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன். வெளியே மரங்கொத்தி ஒன்று தட்டிக்கொண்டே இருந்தது, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது கொடுத்தோம்.

மேடம் என்னைத் திட்டவில்லை. மடலைத் தொடர்ந்து நானே செய்யலாம், ஆனால் வாரம் ஒருமுறை ஆலோசகர் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். இரண்டு வருஷமாக வாருங்கள் வாருங்கள் என்று மடலில் நான் கூவி அழைத்தும் ஒருத்தரும் போகாத அறை அது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு மாதத்தில் சுடலைமணிக்குக் கடிதம் வந்தது. அந்த ஞாயிறு, அப்பா கேட்டுக்கொண்டபடி ஐயர் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தார், சளி உட்பட. கொடைக்கானல் ஸ்வெட்டரை அவன் போட்டுக்கொண்டு போனான். அத்தையின் அளவு, கை முழங்கைவரைதான் வந்தது. இன்றைக்கு அவன் பெரிய விஞ்ஞானி. நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பனியை இதுவரை பார்த்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் வாயிலிருந்து வரும் எந்த நல்ல செய்திக்கும் மரியாதை கிடையாது. பட்டம் கிடைத்தது என்றேன், திருத்தம் எப்போது வரும் என்றார்கள். வேலை கிடைத்தது என்றேன், கேட்டவர் யாரும் நாற்காலியிலிருந்து எழவில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து நானே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, பொம்பளப் பிள்ள."

அந்தப் பக்கம் அம்மா அழுவது கேட்டது. அப்பா போனை வாங்கினார்.

"கவர் இப்பமே போட்டுரட்டா, இல்ல திருத்தம் வருதான்னு திங்கக்கெழம வரைக்கும் பாக்கணுமா?"

"இது நெசம்ப்பா. என் கையிலதான் இருக்கா."

அவர் படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான், இது ஜெபாவின் பிள்ளையேதான் என்று நம்பி அப்பா கவரை எடுத்தாராம்.